கார்ப்பரேட்டருக்கு அடியில் வைத்த கட்டை

தம்பி செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

இந்தக் கடிதத்தை உன் அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். கப்பலிலிருந்து அவள் மட்டும் தனியாக இறங்கி வருவதைப் பார்த்து நீ பதறுவாய். அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்காதே. நாலு நாள் கப்பலில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். முதலில் ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடு, பிறகு உட்கார்ந்து இதைப் படி. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ எழுதியதற்கு இப்போதுதான் நான் பதில் எழுதுகிறேன். இடையில் வந்த உன் கடிதங்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் போட்டாள். நான் அனுப்பியது ஒரே ஒரு தந்தி. என் கடிதம் வரும்வரை காரை ஓட்டாதே என்று மட்டும் அதில் இருந்தது. உனக்குக் கோபம் வந்திருக்கும். ஏன் அப்படி அனுப்பினேன் என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன்.

நீயும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஒரு பழைய காரை வாங்கி, கதவு, கூரை, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டத்தையும் எஞ்சினையும் மட்டும் வைத்துக்கொண்டு பந்தயத்துக்குத் தயார் செய்வதாக எழுதியிருந்தாய். கார்ப்பரேட்டருக்கும் அதற்குக் கீழே உள்ள குழாய்க்கும் நடுவில் ஒரு அங்குல கனத்தில் அலுமினியக் கட்டை ஒன்றைக் கடைந்து வைத்திருக்கிறீர்கள். முதல் இரண்டு சுற்றில் கார் பறக்கிறது, மூன்றாவது சுற்றில் எஞ்சின் சூடேறியதும் இழுவை போய்விடுகிறது, நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பந்தயம், நீதான் ஓட்டப் போகிறாய். ஜீப்புக்கு நான் படாக் மரத்தில் கட்டை செய்து வைத்ததாக அம்மா எப்போதோ சொன்னாளாம். அதே மரத்தில் ஒரு துண்டு அனுப்புங்கள், இரண்டு அங்குலம் கனம் இருக்கட்டும் என்று கேட்டிருந்தாய்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் சூட்டைத் தடுக்காது, ஏற்றிவிடும். எஞ்சினின் கொதிப்பு அந்தக் கட்டை வழியாகவே கார்ப்பரேட்டருக்குள் போய்ச் சேருகிறது. உள்ளே நிற்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. அதனால்தான் நின்ற வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. மரம் அப்படிச் சூடு கடத்தாது. நல்ல மரத்தில் கட்டை வைத்தால் கார்ப்பரேட்டர் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, ஒரே இழுப்பில் அதிகம் உள்ளே போகும். கட்டையின் உயரத்தால் இன்னொரு காரியமும் நடக்கிறது. கார்ப்பரேட்டரிலிருந்து இறங்கும் காற்றும் பெட்ரோலும் சட்டென்று வளைந்து சிலிண்டருக்குள் ஓடாமல், கொஞ்சம் நேராக இறங்கி, கலந்து, பிறகு பிரிந்து போக இடம் கிடைக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அந்த இடம் பலம் கொடுக்கும். மெதுவாகச் சுற்றும்போது அதே இடம் பலத்தைத் தின்னும். கனம் கூடக் கூட மேல்வேகத்தில் லாபம், கீழ்வேகத்தில் நஷ்டம். நீ ஓட்டுவது பந்தயத் தளத்தில் என்பதால் உனக்கு அது பரவாயில்லை. ஆனால் கார்ப்பரேட்டர் மேலே போனால் அதைத் திறந்து மூடும் கம்பியும் கூடவே மேலே போக வேண்டும். நீ எழுதிய நாலு பக்கத்தில் அந்தக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் அந்தத் தந்தி.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. நான் அப்போது சர்க்கார் வேலைக்கு வரவில்லை, ஒரு மரக் காண்டிராக்டரிடம் வண்டி பழுது பார்க்கும் மிஸ்திரியாக இருந்தேன். அவரிடம் யுத்தகாலத்து ஜீப் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவர் ஹரிபதா. கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேற வந்தவர். எனக்குச் சரிவயது. அவருக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது, இந்தத் தீவு இந்தியில்தான் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம். அந்த ஜீப்பில் கார்ப்பரேட்டருக்கு நேர் அடியில் புகைக்குழாய் ஓடும். ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் மெதுவாக ஏறி, உச்சியில் ஐந்து நிமிஷம் நிறுத்தினால் போதும், பிறகு கிளம்பாது. ஹரிபதா சாக்கை நனைத்துக் கார்ப்பரேட்டர் மேல் போட்டுவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். கூலியாட்கள் வெயிலில் நிற்பார்கள். காண்டிராக்டர் வந்து என்னைத் திட்டுவார்.

ஒரு நாள் மரம் அறுக்கும் இடத்தில் படாக் துண்டு ஒன்று கிடந்தது. இந்தத் தீவின் சிவப்பு மரம் எவ்வளவு இறுக்கம் என்று உனக்குத் தெரியும். அரை அங்குல கனத்தில் கட்டை அறுத்து, நடுவில் துளை போட்டு, ஆளி எண்ணெயில் காய்ச்சி எடுத்துக் கார்ப்பரேட்டருக்கு அடியில் வைத்து முடுக்கினேன். அன்று மத்தியானம் ஹரிபதா மேட்டு உச்சியில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, பீடி ஒன்றை முழுக்கக் குடித்துவிட்டு, சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்கு வந்து இறங்கியதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மிஸ்திரி, காடி தோ உட் ரஹா ஹை!" வண்டி பறக்கிறதாம். ஒரு மாதத்துக்குள் போர்ட் பிளேயரில் பழைய வண்டி வைத்திருந்த பாதிப் பேர் என்னைத் தேடி வந்தார்கள். அதுவரை என்னை யாரும் தேடி வந்ததில்லை, செல்வம். அது எனக்குத் தலைக்கு ஏறியது.

அரை அங்குலம் இவ்வளவு செய்தால் இரண்டு அங்குலம் எவ்வளவு செய்யும் என்று எனக்குத் தோன்றியது. அதிகாரி ஒருவரின் புது ஜீப் மேட்டில் தன்னை முந்திப் போனதில் காண்டிராக்டருக்கு ஆற்றாமை இருந்தது உண்மைதான். ஆனால் அவர் என்னைச் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். இரண்டு அங்குலக் கட்டை செய்து, நீளமான போல்ட் கடைந்து, கார்ப்பரேட்டரைத் தூக்கி உட்கார வைத்தேன். ஆக்சிலேட்டர் கம்பி எட்டவில்லை. புதுக் கம்பி செய்யப் பொறுமை இல்லாமல், பழைய கம்பியிலேயே ஒரு துண்டு ஒட்டவைத்து, கட்டையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி வளைத்துவிட்டேன். சாலையில் எடுத்துப் போனபோது கீழ்வேகத்தில் வண்டி சோம்பல் பட்டது, மிதித்தால்தான் எழும்பியது. மிதித்தேன். சமதரையில் அந்தக் கிழட்டு ஜீப் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை, முழுக்க மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் பெடல் மேலே வரவில்லை. ஒட்டவைத்த இடத்தில் இருந்த புடைப்பு கட்டையின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கிக் கையால் விடுவித்தேன். நாளைக்கு அதை அரத்தால் தேய்த்து, கம்பியைத் திருப்பி இழுக்க இன்னொரு ஸ்பிரிங்கும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஹரிபதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என் வேலையில் குறை என்று ஆகும்.

மறுநாள் காலை நான் ஷெட்டுக்குப் போவதற்குள் ஹரிபதா ஆறு கூலியாட்களோடு கிளம்பிவிட்டார். டெலானிபூர் மேட்டை முழு மிதியில் ஏறி, உச்சி தாண்டி, கடல் பக்கம் இறங்கும் ரோட்டில் காலை எடுத்திருக்கிறார். பெடல் எழும்பவில்லை. எஞ்சின் இழுத்த இழுப்புக்குப் பிரேக் போதவில்லை, வண்டி இறக்கத்தில் இன்னும் வேகம் எடுத்தது. அன்று கப்பல் நாள். கீழே, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் வழியில், பெண்களும் குழந்தைகளுமாகச் சாலை முழுக்க ஆட்கள். சாவியைத் திருப்பியிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் என் மனதுக்குள் அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எனக்குச் சமதரையில் யோசிக்க நேரம் இருந்தது. அவர் ஸ்டீயரிங்கை ஒடித்து, வலது பக்கத்துக் கல்சுவரில் வண்டியைக் கொண்டுபோய் மோதினார். கூலியாட்களில் ஒருவனுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஹரிபதாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது நான் பக்கத்தில் ஓடினேன். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ரேஸ் அடக் கயா, மிஸ்திரி, ரேஸ் அடக் கயா." ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது என்று. எனக்குத் தெரிவிக்கிறார், நான் போய்ப் பார்ப்பேன் என்று நம்பி.

நான் போய்ப் பார்த்தேன். வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் போட்டிருந்தார்கள். படாக் கட்டையின் விளிம்பில் கம்பி மாட்டிய தடம் புதிதாக, ஆழமாக இருந்தது. போலீஸ் பார்க்க வருவதற்குள் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. கட்டையை எடுத்தேன். கார்ப்பரேட்டரைப் பழையபடி கீழே உட்கார வைத்தேன். வேறொரு வண்டியிலிருந்து நேரான கம்பியை எடுத்துப் போட்டேன். என் கை அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் பின்னும் வேலை செய்ததில்லை. காண்டிராக்டர் வந்து, "வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லையே மிஸ்திரி?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன், கோர்ட்டிலும் அதையே சொன்னேன். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார், குடித்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். ஹரிபதா குடிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை. அவருடைய லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று. மனைவியோடு, வடக்கே திக்லிபூரில் இருந்த அண்ணன் நிலத்துக்குப் போய்விட்டார். கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். உன் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டாள்.

அடுத்த வருஷம் காண்டிராக்டர் நல்லவிதமாக எழுதிக் கொடுத்ததால் சர்க்கார் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் டெலானிபூரில் ஒதுக்கினார்கள். அந்த மேடு, அந்த இறக்கம், அந்தக் கல்சுவர். வேலைக்குப் போக வேறு வழி கிடையாது. நான் ஏன் சாயங்காலம் உன்னைக் கூட்டிக்கொண்டு கடல் பக்கம் நடக்க வரவில்லை, ஏன் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டேன், வீட்டுக்கு யாராவது வந்து கதவைத் தட்டினால் ஏன் முதலில் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன் என்று நீ கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் எரிந்து விழுந்திருக்கிறேன். ஒரு தடவை நீ பரீட்சையில் உண்மையைச் சொல்லி அடி வாங்கி வந்தாய், நினைவிருக்கிறதா? காப்பியடித்தவனுக்குத் தாளைக் காட்டியது நான்தான் என்று நீயே போய் வாத்தியாரிடம் சொன்னாய். நான் உன்னைப் பாராட்டவில்லை, "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று திட்டினேன். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இங்கிருந்து போய்விட வேண்டும் என்று நினைக்காத கப்பல் நாள் இல்லை. நீ ஏழாம் வகுப்பு முடித்தபோது மெயின்லேண்டுக்கே போய்விடலாம் என்று மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். சாமான் கட்டியாகிவிட்டது. ஜெட்டியில் வரிசையில் நிற்கும்போது, திக்லிபூர் படகிலிருந்து ஊன்றுகோலோடு ஒருவர் இறங்கினார். அது ஹரிபதா இல்லை, யாரோ கிழவர். ஆனால் என்னால் கப்பல் படியில் கால் வைக்க முடியவில்லை. நான் போய்விட்டால் அந்த மனிதர் என்றைக்காவது என்னைத் தேடி வந்தால் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம். இங்கேயே இருந்தால் அவர் வந்துவிடுவாரோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். வயிற்று வலி என்று சொல்லி உங்கள் இரண்டு பேரையும் திருப்பிக் கூட்டிவந்தேன். நீ அழுதாய். நாலு பக்கமும் கடல் இருப்பதால் இந்த ஊரைச் சிறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குக் கடல் ஒரு தடையே இல்லை, தம்பி. கப்பல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்துகொண்டுதான் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று அம்மா அதைச் சத்தமாகப் படித்தாள். இரண்டு அங்குலக் கட்டை என்ற இடத்தில் நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். "அனுப்பப் போறீங்களா?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"அனுப்புறதா இருந்தா முழுசா அனுப்புங்க. கட்டையை மட்டும் அனுப்பாதீங்க. இந்தத் தடவை வண்டியில உட்காரப் போறது என் பிள்ளை."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் ஒருவன்தான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதே வீட்டுக்குள் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். மறுநாள் தந்தி கொடுத்துவிட்டு லீவு போட்டேன். அடுத்த படகில் திக்லிபூருக்குப் போனேன். வழியில் ஒவ்வொரு துறையாக நின்று நின்று போகிற படகு. ஒவ்வொரு துறையிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது, இறங்கவில்லை. துறையிலிருந்து லாரியில் ஏறி, பிறகு வயல் வரப்பில் நடந்து, கேட்டுக் கேட்டுப் போனேன்.

ஹரிபதா வாசலில் பலகையில் உட்கார்ந்து பாக்கு உடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம், செல்வம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "அரே, மிஸ்திரி!" என்று கத்திவிட்டு, உள்ளே பார்த்து மனைவியிடம் சாய் போடச் சொன்னார். சாய் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். கட்டை, கம்பி, முதல் நாள் சிக்கியது, ஷெட்டில் நான் மாற்றியது, இப்போது நீ பந்தயக் காருக்கு அதே கட்டையைக் கேட்டு எழுதியது எல்லாம். அவர் பாக்கு வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஃபிர் ஸே போலோ," என்றார். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

மறுபடியும் சொன்னேன். அவர் தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். முதலில் எல்லோரிடமும் ரேஸ் சிக்கியது என்றுதான் சொன்னாராம். போலீஸ் நம்பவில்லை, கோர்ட் நம்பவில்லை, சொந்த அண்ணன் நம்பவில்லை. மிஸ்திரியே வண்டி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டாரே, மிஸ்திரி பொய் சொல்ல மாட்டாரே என்று அவருக்கே யோசனை வந்ததாம். இரண்டு வருஷத்தில், தான்தான் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்திருக்க வேண்டும் என்று நம்பிவிட்டார். மனைவியிடமும் அப்படியே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு லாரியில்கூட முன் சீட்டில் உட்கார்ந்ததில்லையாம். "யாரைக் கேட்பது மிஸ்திரி? அந்தக் கால்தான் இல்லையே," என்றார். நான் அவருடைய காலை எடுத்தேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவருக்கே நன்றாகத் தெரிந்த ஒன்றையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

அவர் மனைவி மாலதியைக் கூப்பிட்டு, அவள் முன்னாலும் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னேன். அந்த அம்மாள் சாய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள். எனக்கு வேலை இருந்தது, மனைவி இருந்தாள், சின்னப் பிள்ளை இருந்தான் என்றேன்.

"ஹமாரா பி தா," என்றாள். எங்களுக்கும் இருந்ததே என்று.

 இந்த ஊரில் இன்றைக்கும் இவரைக் குடிகார டிரைவர் என்கிறார்கள், எழுதிக் கொடுங்கள் என்றாள். இதையும் உனக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்திலும் நான், மகனுக்குக் கல்யாணம் இருக்கிறது, அது முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தமிழில்தான் எழுதினேன். அந்த வீட்டில் அதைப் படிக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாய் ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன்.

போர்ட் பிளேயர் திரும்பியதும் மனு எழுதுகிறவரிடம் போய் இங்கிலீஷில் எழுதி வாங்கி, போலீஸிலும் கொடுத்தேன், பட்டறையிலும் கொடுத்தேன். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குய்யா?" என்று எங்கள் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். வேறு வழியில்லாமல் சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்தார். விசாரணை முடியும்வரை நான் இந்த ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. உன் கல்யாணத்துக்குப் போய் வர அனுமதி கேட்டு எழுதினேன். கப்பலில் போய் வர ஆகும் அவ்வளவு நாள் ஊரை விட்டு அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. போக முடிந்த காலத்தில் போகாமல் இருந்தேன். இப்போது போக வேண்டும், முடியவில்லை.

போன வாரம் வாக்குமூலம் கொடுக்க ஹரிபதாவை வரவழைத்தார்கள். நானும் அறையில் இருந்தேன். சாவியை ஏன் திருப்பவில்லை, பிரேக் எப்படி இருந்தது என்று எல்லாம் கேட்டார்கள். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "மேரா பாவ் பிரேக் பே தா," என்றார். என் கால் பிரேக்கில்தான் இருந்தது என்று. எழுதிக்கொண்டவர் தலையை ஆட்டினார். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் சத்தமாக. வெளியே வந்து படியில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை, ஊன்றுகோலை வைத்துத் தானாகவே இறங்கினார். கீழே போய் நின்றுகொண்டு, "உங்கள் மகன்தான் ஓட்டப் போகிறானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இரண்டு ஸ்பிரிங் போடச் சொல்லுங்கள்," என்றார். அப்படியே போய்விட்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஆகையால், நீ ஓட்டத்தான் போகிறாய் என்றால் ஓட்டு, நான் தடுக்கவில்லை. மரக்கட்டை வைத்துக்கொள், ஆனால் அரை அங்குலத்துக்கு மேல் போகாதே. உன் எஞ்சினுக்கு அது போதும். கம்பியைப் புதிதாக, ஒட்டில்லாமல், நேராகச் செய். கட்டையின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் உன் சுண்டுவிரல் தாராளமாகப் போக வேண்டும். ஸ்பிரிங் இரண்டு போடு, ஒன்று அறுந்தாலும் மற்றது இழுக்கும்படி. எஞ்சின் கொதிக்கும்போது இரும்பு கொஞ்சம் நீளும். அதனால் குளிர்ச்சியில் ஒரு தடவை, நல்ல சூட்டில் ஒரு தடவை, எஞ்சின் மூடி இருந்தால் அதையும் சாத்தி வைத்துக்கொண்டு நூறு தரம் மிதித்துப் பார். நிறுத்தும் ஸ்விட்ச் கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கைக்குக் கிடைக்கிற இடத்தில் இருக்கட்டும். உன் சிநேகிதன் ஓட்டினால், அதில் நீ பார்த்த குறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவன் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிடு. உன் வேலையைப் பற்றி அவன் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. அப்பா எங்கே என்று பெண் வீட்டில் கேட்பார்கள். உடம்பு சரியில்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட உனக்கு ஆசையாக இருக்கும். சொல்லாதே. முதலில் அந்தப் பெண்ணிடம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, இந்தக் கடிதத்தைக் கொடு. பிறகு அவளுடைய அப்பாவிடம் நீயே வாயால் சொல். எங்கப்பா செய்த வேலையால் ஒருவருடைய கால் போயிற்று, சொன்ன பொய்யால் அவர் பேரும் போயிற்று, இப்போது அப்பா அதை ஒப்புக்கொண்டிருக்கிறார், அதனால் அவரால் வர முடியவில்லை என்று சொல். கேட்டுவிட்டு அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்றால் அவர்களோடு வாதாடாதே. அந்தக் கோபம் என் மேல் வரட்டும், எனக்கு அது சேர வேண்டியதுதான். சரி என்றால், பயப்படாமல் போய் மணையில் உட்கார். நான் நிற்க வேண்டிய இடத்தில் உன் அம்மா நிற்பாள். அவள் நிற்கட்டும், வேறு யாரையும் அங்கே நிறுத்த வேண்டாம்.

அப்பா